எக்டு ட்யூட்டி

அவளுக்குச் சாப்பாடு பரிமாறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதல் தடவை எங்கள் பவானிபூர் வீட்டுக்கு வந்தபோது அம்மா ரசக் கரண்டியோடு நின்று, "இன்னும் கொஞ்சம் விடட்டுமாடி?" என்று கேட்டாள். மற்றவர்கள் என்றால் போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டுவார்கள். கரண்டி கவிழ்ந்தபிறகு சப்புக்கொட்டிச் சாப்பிடுவார்கள். இவள் நிமிர்ந்து, "கொஞ்சம்னா எவ்வளவும்மா?" என்று கேட்டாள்.

அம்மா கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒரு கரண்டி" என்றாள், ஏதோ பரீட்சையில் பதில் சொல்வதுபோல.

"அரைக் கரண்டி விடுங்க. அதுக்கு மேல வேண்டாம்."

விட்ட அரைக் கரண்டியையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவள் போனபின் அம்மா, "உன் சிநேகிதி ரொம்பக் கறார்டி. கல்யாணச் சத்திரத்துல ஸ்டோர் ரூம் சாவிய இவகிட்ட நம்பிக் குடுக்கலாம்" என்றாள். அம்மா வாயில் அது பெரிய பாராட்டு. என்னிடம் அவள் வீட்டுச் சாவியைக்கூடக் கொடுத்ததில்லை.

நான் தெற்குக் கொல்கத்தாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டைம் ஆபீசில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கேதான் இன்னும் சம்பளம் வாங்குகிறேன். யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள், யாருக்கு லீவு, யாருக்கு ஓவர்டைம், எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்தான். அப்பா ரயில்வேயில் இருந்தார். தமிழ் எனக்கு வீட்டுப் பாஷை. கோபம் வந்தால் வங்காளம்தான் முந்திக்கொண்டு வரும். லட்சுமி என்ற என் பெயரை இந்த ஊர் லொக்கி என்று ஆக்கி, அக்கா என்பதற்கு ஒரு 'தி'யைப் பின்னால் ஒட்டி, லொக்கி-தி என்று கூப்பிடும்.

அவள் ஸ்ரீவைகுண்டம் பக்கம். நர்சிங் முடித்த கையோடு இங்கே வந்து சேர்ந்த புதுசுகளில் ஒருத்தி. ஒவ்வொரு வருஷமும் அப்படி ஒரு கூட்டம் வரும். மலையாளப் பெண்கள், மணிப்பூர்ப் பெண்கள், வங்காளத்தின் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள், நடுவே ஒன்றிரண்டு தமிழ். முதல் வருஷம் முழுக்க ப்ரொபேஷன். அது முடிந்து ஆஸ்பத்திரி தரும் அனுபவச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட முடியும். அவளுக்குப் படிப்புக் கடன் இருந்தது. வெளிநாடு போய் அதை அடைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அந்த ஒரு தாள் வராவிட்டால் இங்கே உழைத்த வருஷம் கணக்கிலேயே சேராது.

ஒருநாள் அவள் வார்டிலிருந்து வந்த ஓவர்டைம் சீட்டுக் கட்டைப் பிரித்தேன். புதுசுகள் யாரும் அதுவரை ஓவர்டைம் சீட்டு எழுதியதே இல்லை. இவள் எழுதியிருந்தாள், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளுக்கும். ட்யூட்டி வகை என்ற கட்டத்தில் எல்லாச் சீட்டிலும் அழகான ஆங்கில எழுத்தில் ஒரே வார்த்தை: 'எக்டு ட்யூட்டி'. கீழே வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்து.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் எனக்குப் புரை ஏறிவிட்டது என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வங்காளத்தில் எக்டு என்றால் கொஞ்சம். இந்த ஊரே அந்த வார்த்தையில்தான் ஓடுகிறது. பஸ்ஸில் எக்டு நகரச் சொல்வார்கள். மீன்காரர் எக்டு கூடப் போடுவார். காளிகாட் கோயிலில் பூஜை செய்துவைக்கும் பண்டா எக்டு நில்லுங்கள் என்பார், அந்த எக்டுவில் அரை நாள் போய்விடும். அப்படி ஒரு ட்யூட்டி உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

ஆளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றாள்.

"இது என்னம்மா ட்யூட்டி?"

"எக்ஸ்ட்ரா ட்யூட்டிக்கா. அதச் சுருக்கி எக்-டு."

"யார் சொன்னா?"

"இன்சார்ஜ் சிஸ்டர்தான். ஷிப்ட் முடியுத நேரம் வந்து 'எக்டு தேகே ஜாவ்'னு சொல்லுவாங்கள்லா. எக்ஸ்ட்ரா ட்யூட்டி பாத்துட்டுப் போன்னுதான சொல்லுதாங்க? எங்க ஊர்ல ஓ.டி.ம்போம். இங்க எக்டும்பாங்க போலன்னு நெனச்சேன்."

"அடிப் பாவி. எக்டுன்னா கொஞ்சம். கொஞ்சம் இருந்துட்டுப் போன்னு அர்த்தம்."

முகம் சிவந்து, நாக்கைக் கடித்து, சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சீட்டைப் பார்த்தபடி யோசித்தாள்.

"கொஞ்சம்னா எவ்வளவுக்கா?"

"அதுக்கு அளவெல்லாம் கிடையாதும்மா."

"அப்ப அளவில்லாத ட்யூட்டியத்தான் நாங்க தெனமும் பாக்கோமா?"

அவளே என் மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் எக்டுவை அடித்துவிட்டு எக்ஸ்ட்ரா என்று எழுதினாள். "வார்த்தைதான் தப்பு. நின்னது தப்பில்லல்லா?" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரி விதியில் எல்லோருக்கும் ஓவர்டைம் உண்டு. இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டால் பணம் தர வேண்டும். ஆனால் கேட்கிறவர்தான் இல்லை. புதுசுகள் கேட்டால் நன்றாக இருக்காது என்று அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவர்களிடம் அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள்.

வங்காளத்தோடு அவளுக்கு இன்னொரு தகராறும் இருந்தது. இங்கே மூத்த பெண்களை எல்லாம் திதி என்று கூப்பிட வேண்டும். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "உயிரோட இருக்கவங்கள எப்படிக்கா திதின்னு கூப்பிட? எங்க தாத்தாவுக்குத்தான் வருஷா வருஷம் திதி குடுக்கோம்." நான் எவ்வளவோ விளக்கினேன். இது வேறு, அது வேறு, உச்சரிப்பே வேறு என்றேன். அவள் காதில் ஏறவில்லை. கடைசிவரை நான் 'யக்கா', இன்சார்ஜ் 'சிஸ்டர்'. வார்டில் டீ கொண்டுவரும் அம்மாளைக்கூட யக்கா என்றே கூப்பிட்டாள். அந்த அம்மாள் அதைத் தன் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்டாள்.

இன்சார்ஜ் சிஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆகிருதியான வங்காள அம்மாள். ஜாதவ்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வார்டில் நுழைந்தால் நோயாளிகளே படுக்கையில் நேராக உட்காருவார்கள். புதுசுகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சார்ட்டில் 'கொஞ்சம்' என்று எழுதக் கூடாது என்பது. நோயாளி எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் கழித்தார், எல்லாம் மில்லியில் இருக்க வேண்டும். ஒரு மணிப்பூர்ப் பெண் 'நோயாளி கொஞ்சம் தண்ணீர் குடித்தார்' என்று எழுதியதற்கு, அந்தச் சார்ட்டை வார்டு நடுவில் உயர்த்திப் பிடித்து, "கொஞ்சம்னா என்ன? உன் வீட்டு டீ கப்பா, துர்கா பூஜை அண்டாவா? டாக்டர் இதப் பாத்து மருந்து எழுதுவாரா, ஜோசியம் சொல்வாரா?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதேவிட்டாள்.

இவள் அழவில்லை, அந்தப் பாடத்தை மனதில் பச்சை குத்திக்கொண்டாள். வம்பெல்லாம் அங்கிருந்துதான் வந்தது.

அவளோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம் என்று ஹாஸ்டலில் கூட இருந்த பெண்கள் சொல்வார்கள். குளியலறைக் கதவைத் தட்டி, ஒரு நிமிஷம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தால், "ஒரு நிமிஷமா, உங்க ஒரு நிமிஷமா?" என்பாள். சினிமாவுக்குக் கூப்பிட்டால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் படம் முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவாள். கஞ்சம் என்றும் ஒரு பேர் இருந்தது. எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். மனுஷர்களோடு பழகுவதென்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. இவள் ட்யூட்டி இல்லாத நாளில் பார்க்க வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்" என்றாள். இவள் வழக்கம்போல, "எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காய்ச்சல்காரியிடம் கேட்கிற கேள்வியா இது? அம்மா மட்டும் சிரித்தபடி ஜன்னலைக் காட்டி, "இந்த மழை விடற வரைக்கும்" என்றாள்.

அந்த மழை விடவில்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, ஆட்டோ ஓடவில்லை. இவள் அம்மாவுக்குக் கஞ்சி வைத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், அம்மா பத்து தடவை சொன்ன பழைய கதைகளை முதல் தடவைபோலக் கேட்டாள். போகிறேன் என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. சாயங்காலம் நானே, "மெட்ரோ ஓடுது, நீ கிளம்பு" என்றேன். "மழை விடலல்லாக்கா" என்றாள். அன்று ராத்திரி முழுக்க இருந்தாள், மறுநாள் காலையில் வெயில் எட்டிப் பார்த்தபிறகு செருப்பை மாட்டினாள். அன்றிலிருந்து அவள் எவ்வளவு என்று கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கேட்பது தட்டிக்கழிக்க அல்ல, சொன்னபடி செய்வதற்கு என்று தெரிந்துவிட்டது.

துர்கா பூஜை வந்தது. அந்த நாட்களில் இந்த ஊரே தெருவில் நிற்கும். அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவர்கள் பந்தல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு எப்போது வருவார்கள் என்று தெரியாது. வங்காளப் பெண்களுக்கு வீட்டில் பூஜை. வெளியூர்ப் புதுசுகள்தான் வார்டைத் தாங்கினார்கள். இவள் ஷிப்ட் முடிந்தும் நின்றாள், யாரும் எக்டு சொல்வதற்கு முன்பே. ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு கிழவர் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் மகள் வந்து சேரும்வரை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான் என்று வார்டே சொன்னது. பூஜை முடிந்த மறுநாள் சீட்டும் எழுதினாள், மணி நிமிஷத்தோடு.

அதைப் பார்த்த ஒரு சீனியர் நர்ஸ், "பூஜையிலுமா கணக்கு? பணப் பேய்" என்றாளாம்.

இவள் தன் ஓட்டை வங்காளத்தில் பதில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னாள்: "நின்னது பேஷண்டுக்காக. எழுதுனது எனக்காக. ரெண்டையும் எதுக்குப் போட்டுக் குழப்புதீங்கன்னு கேட்டேன்க்கா."

அந்தப் பதில் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. அந்த மாதம் புதுசுகள் எல்லோரும் சீட்டு எழுதிவிட்டார்கள். பணப் பேய் என்று சொன்ன சீனியரும் கடைசி நாளில் ஒன்று எழுதி, கட்டின் அடியில் செருகியிருந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் வழக்கம்போலக் கட்டாக வாங்கி, படிக்காமல், கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் மேஜையில் சீட்டுக் கட்டு இட்லிப் பானை உயரத்துக்கு வந்து உட்கார்ந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கத்தமாட்டார். லெமன் டீயும் பிஸ்கட்டும் வரவழைத்துவிட்டு மெதுவாகத்தான் கழுத்தைப் பிடிப்பார். அவர் அறையில் அவளும் இன்சார்ஜ் சிஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க நான்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள கணக்குப் பாப்பாங்களா?" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

"எங்க குடும்பத்துல பாப்பாங்க சார்" என்றாள். "பாக்கலன்னா மாசக் கடைசியில சண்டை வரும்."

அவர் சிரித்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் ஒரு ஷிப்ட் இன்சென்டிவ் போட்டுத் தருவதாகவும், அது ஓவர்டைமைவிடக் கொஞ்சம் கூடவே வரும் என்றும், சீட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். மொழிபெயர்க்கும்போதே எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

"கொஞ்சம் கூடன்னா எவ்வளவு?"

"பாத்துச் செய்யலாம்."

"மத்தவங்களுக்கு?"

"அவங்க வந்து கேக்கலையே."

"அந்தக் கட்டு முழுக்க அவங்க கேட்டதுதான சார்? அப்புறம் இன்னொண்ணு. நைட் ட்யூட்டிக்குச் சீனியருக்கு இன்சென்டிவ் உண்டு, புதுசுகளுக்குக் கிடையாது. எங்களுக்கு மட்டும் ராத்திரி சீக்கிரம் விடியுதா?"

மேனேஜர் டீயைக் கீழே வைத்தார். ப்ரொபேஷன் காலம் சிலருக்குக் கொஞ்சம் நீளலாம் என்றார். அனுபவச் சான்றிதழும் கொஞ்சம் தாமதமாகலாம். ஆபீஸ் வேலை அப்படித்தான்.

நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அதற்குள் அவளுக்கு அந்த அளவு வங்காளம் வந்திருந்தது. கையில் எடுத்த பிஸ்கட்டை அவள் தட்டில் திருப்பி வைத்தாள். ஊரில் கடன் கொடுத்த பேங்க், வெளிநாட்டு மனு, எல்லாம் அந்தக் கொஞ்சத்துக்குள் இருந்தது. சரி சார் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நான் தப்புச் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் இன்சார்ஜ் பக்கம் திரும்பினாள். என் உதவி இல்லாமல், உடைந்த வங்காளத்தில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி வைத்துக் கேட்டாள்:

"சிஸ்டர், யூரின் 'எக்டு' போச்சுன்னு நான் சார்ட்ல எழுதினா, கையெழுத்துப் போடுவீங்களா?"

இன்சார்ஜ் சிஸ்டர் அவளை முறைத்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றார். "செத்தாலும் போடமாட்டேன்."

"அப்ப எங்க நேரத்த மட்டும்?" என்றாள் இவள், அவ்வளவுதான்.

மேனேஜர் அவசரமாகக் குறுக்கிட்டார். அந்தச் சீட்டுகளை இன்சார்ஜ் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றார். அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. அந்த அம்மாளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அவர் கையெழுத்தைச் செல்லாது என்று சொல்லும்படி மட்டும் கேட்கக் கூடாது.

"படிக்காமத்தான் போட்டேன்" என்றார் எழுந்து நின்று. "ஆனா அந்தப் பொண்ணுங்க அங்க நின்னாங்க, நான்தான் நிக்கச் சொன்னேன். என் கையெழுத்து என்ன எக்டு கையெழுத்தா? பணத்தக் குடுத்துடுங்க." பிஸ்கட்டைத் தொடாமல் வெளியே போய்விட்டார். பின்னாலேயே வந்த என்னை வராந்தாவில் பார்த்து நின்றவர் சொன்னார்: "லொக்கி, நான் இத்தன வருஷம் நின்ன எக்டுவெல்லாம் சேத்தா ஒரு வீடு கட்டியிருக்கலாம். கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

அடுத்த சம்பளத்தில் எல்லோருக்கும் ஓவர்டைம் வந்தது. நைட் இன்சென்டிவ் வரவில்லை. அவள் இருந்தவரை வரவே இல்லை. அடுத்த வருஷப் புதுசுகளுக்குத்தான், சீனியர்களுக்குக் கொடுப்பதில் பாதி என்று வந்தது. அதை அவளுக்கு போனில் சொன்னபோது, "பாதியா? சரி, பாதின்னு ஒரு அளவாவது சொல்லிருக்காங்களே" என்றாள்.

சான்றிதழும் வந்தது. அதை டைப் அடித்தது நான், வாசகம் மேனேஜருடையது. 'ஏறத்தாழ ஓராண்டு பணியாற்றினார்' என்று இருந்தது. அவள் வாங்கிப் படித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை அடக்க.

"யக்கா, ஏறத்தாழன்னா எவ்வளவு?"

சேர்ந்த தேதியும் முடித்த தேதியும் போட்டு மறுபடி அடித்து உள்ளே அனுப்பினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அவள் வெளிநாடு போய்விட்டாள், அங்கே இப்போது யாரிடம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளோ. அந்த நாட்டுப் பாஷையில் கொஞ்சத்துக்கு என்ன வார்த்தையோ, அதன் பாடு திண்டாட்டம்தான்.

மேனேஜர் அவள்மேல் தீர்த்துக்கொண்ட கோபம் ஒன்றே ஒன்று. ஓவர்டைம் சீட்டைப் புதிதாக அச்சடித்தபோது அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'நேரத்தை மணி, நிமிடமாக மட்டுமே குறிக்கவும். எக்டு ஏற்கப்படாது.' கிண்டல் செய்வதாக அவருக்கு நினைப்பு. ஆனால் வார்டுகளில் அந்த வரியை ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டிவிட்டார்கள். எந்த இன்சார்ஜாவது எக்டு தேகே ஜாவ் என்றால், பெண்கள் விரலால் சுவரைக் காட்டுகிறார்கள்.

போன வாரம் தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புதுசு என் மேஜைக்கு முன்னால் நின்றது. முகத்தில் இன்னும் ரயில் களைப்பு. கையில் வெற்றுச் சீட்டு. அடியில் இருந்த வரியை விரலால் தொட்டு, "அக்கா, இந்த எக்டுன்னா என்னக்கா?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் வங்காளம் பேசுகிறவள் நான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

"எக்ஸ்ட்ரா ட்யூட்டிம்மா" என்றேன். "மணி நிமிஷம் போட்டு எழுது. கையெழுத்து வாங்கிட்டு வா."